கதவ சாத்துங்க, ஐஸ் கரையுது!

லீவு சீசன் நெருங்குது, இந்த தடவை வந்த கேள்விகள்ல பாதிக்கு மேல ஒரே விஷயம் தான், வெயில் ஊர்ல ஐஸ் சிற்பக் கூடம் போட முடியுமா, போட்டா நிக்குமா. நான் ஆறு சீசன் இந்த மாதிரி கூடங்கள்ல கம்ப்ரஸர் பக்கம் வேலை பாத்தவன், சிற்பி இல்ல. உளி புடிக்கிற நேக்கெல்லாம் பக்கத்துல நின்னு பாத்த அளவுக்கு தான் தெரியும், ஆனா ஐஸ் ஏன் கரையுதுன்னு ராத்திரி மூணு மணிக்கு எழுப்பி கேட்டாலும் சொல்லுவேன்.

கே: வெளிய 35 டிகிரி வெயில் கொளுத்துது, உள்ள யானை சைஸ்ல ஐஸ் பொம்மை நிக்குதுன்னு வீடியோ வருது. நிஜமா, இல்ல கண்ணாடி நார்ல செஞ்ச வேலையா?

ப: நிஜம் தாங்க. அமெரிக்காவுல ஃபுளோரிடா மாநிலத்துல, டிசம்பர்ல கூட பகல்ல அரைக்கை சட்டையோட சுத்துற ஊர்ல, கிஸ்ஸிமி பக்கம் கேலார்ட் பாம்ஸ்னு ஒரு பெரிய ஹோட்டல் இருக்கு. அங்க வருஷக் கடைசி லீவுக்கு 20 லட்சம் பவுண்டு, அதாவது 900 டன் ஐஸ்ல கூடம் போட்டிருக்காங்க, உள்ள 9 டிகிரி ஃபாரன்ஹீட், நம்ம கணக்குக்கு மைனஸ் 13. செதுக்குறதுக்கு சீனாவுல ஹார்பின் நகரத்துல இருந்து கைவினைஞர்களை கூட்டிட்டு வருவாங்க, வர்றவங்களுக்கு வாசல்லயே ஒரு தடி கோட்டு கொடுத்துடுவாங்க. ஹார்பின்காரங்களுக்கு இது ஊர்ப் பழக்கம், 1963லயே ஐஸ் விளக்குத் திருவிழா ஆரம்பிச்சவங்க, சொங்ஹுவா ஆறு உறைஞ்சதும் அதையே அறுத்து எடுத்து கோட்டை கட்டுறவங்க. அவங்களுக்கு குளிர் ஓசி. வெயில் ஊர்க்காரங்களுக்கு அதுக்கு மாசா மாசம் கரண்ட் பில்லு, அவ்ளோ தான் வித்தியாசம்.

இன்னொண்ணும் சொல்றேன், கம்ப்ரஸர்னு ஒண்ணு வர்றதுக்கு முன்னாடியே 1833ல பாஸ்டன்ல இருந்து ஃபிரெடெரிக் டியூடர்ங்கிற வியாபாரி ஒரு பாய்மரக் கப்பல்ல சுமார் 180 டன் ஐஸ் ஏத்தி கல்கத்தாவுக்கு அனுப்பினாரு, நாலு மாசம் கடல்ல, பூமத்திய ரேகையை ரெண்டு தடவை தாண்டி வந்து சேர்ந்தப்ப ஏறக்குறைய 100 டன் மிச்சம் இருந்துச்சு. காத்து புகாம நெருக்கி அடுக்கி சுத்தி அடைச்சு வச்சிருந்தாங்க, அவ்ளோ தான் ரகசியம். ஐஸ்க்கு வெயில் எதிரி இல்லைங்க, காத்து தான் எதிரி.

கே: சார், எங்க மண்டபத்துல லீவுக்கு ஐஸ் கூடம் போடலாம்னு ஐடியா. 20 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம், 5 மீட்டர் உயரம். எத்தனை டன் ஏசி மாட்டணும்?

ப: ஏசி மாட்டவே கூடாது, முதல்ல அத மனசுல இருந்து எடுத்துடுங்க. வீட்டு ஏசி 16 டிகிரிக்கு கீழ போகாது, வம்படியா இறக்கினா காத்தை குளிர வைக்கிற காயில்ல ஐஸ் கட்டி மூச்சு நின்னுடும். உங்களுக்கு வேண்டியது கோல்ட் ஸ்டோரேஜ் மிஷின், மீனும் ஐஸ்கிரீமும் வைக்கிற ரூம்ல இருக்குமே அந்த வகை.

சைடுல ஒரு சுவாரஸ்யம், ஏசில ‘ஒரு டன்’னு சொல்றோமே, அது மிஷினோட எடை இல்ல, ஒரு அமெரிக்க டன் ஐஸ், அதாவது சுமார் 900 கிலோ, 24 மணி நேரத்துல கரையறப்ப எவ்ளோ சூட்டை இழுக்குமோ அது தான் ஒரு டன் கூலிங், 3.5 கிலோவாட். ஐஸ் வித்த காலத்து கணக்கு இன்னும் நம்ம சுவத்துல தொங்குது.

இப்ப உங்க ஹாலுக்கு வருவோம். சுவத்து வழியா வர்ற சூட்டுக்கு 100ல இருந்து 150 மில்லிமீட்டர் கனத்துல பஃப் பேனல், அதாவது ரெண்டு தகட்டுக்கு நடுவுல ஃபோம் அடைச்ச பலகை, போட்டா போதும், பேனல் ஜாயின்ட்டை வெளிப்பக்கம், அதாவது சூடான பக்கம், ஈரம் நுழையாம சீல் பண்ணணும், உள்பக்கம் மட்டும் பூசிட்டு போறவங்கள நம்பாதீங்க, ஈரம் பேனலுக்குள்ள போய் உறைஞ்சு பேனலே கெட்டுடும். தரைக்கும் அடியில ஃபோம் வேணும், எல்லாரும் மறக்கறது இத தான்.

ஆளுங்க சூடு அடுத்தது. அந்த குளிர்ல ஒரு ஆள் நடந்தா உடம்புல இருந்து கிட்டத்தட்ட 300 வாட்ஸ் சூடு வரும். ஒரே நேரத்துல 50 பேர் உள்ள இருந்தா 15 கிலோவாட், அதுவே நாலு டன்னுக்கு மேல ஆச்சு.

ஆனா இதெல்லாம் சுண்டைக்காய், கதவு தான் பூசணிக்காய். 32 டிகிரி, 70 சதவீத ஈரப்பதத்துல வெளிக்காத்து ஒரு கன மீட்டர்ல சுமார் 24 கிராம் தண்ணி ஆவியா இருக்கும். மைனஸ் 10ல காத்தால ரெண்டு கிராமுக்கு மேல தாங்க முடியாது. மிச்சம் 20 கிராம் சொச்சம் எங்க போகும்? உங்க சிற்பத்து மேல, தரையில, காயில்ல, வெள்ளை வெள்ளையா பூத்துடும். உங்க ஹால் சரியா 1000 கன மீட்டர், உள்ள இருக்கற காத்து ஒரே ஒரு தடவை முழுசா மாறினா 20 லிட்டர் தண்ணி, ரெண்டு குடம், யாரும் தூக்கிட்டு வராமலே உள்ள வந்துடுச்சு. கதவு திறந்தே கிடந்தா அது கொஞ்ச நேரத்து வேலை, குளிர் காத்து கனமா கீழ வழியா ஓடும், சூடான காத்து மேல வழியா நுழையும்.

அதனால ரெண்டு கதவு வைங்க, நடுவுல ஒரு சின்ன ரூம், 10 டிகிரி வாக்குல இருக்கற மாதிரி ஒரு சின்ன கோல்ட் ஸ்டோரேஜ் மிஷினும் ஈரம் உறிஞ்சுற மிஷினும் போட்டு. ஒரு கதவு மூடினா தான் இன்னொண்ணு திறக்கணும், பிளாஸ்டிக் பட்டை திரையும் தொங்கட்டும். வெளிய போற வழியிலயும் இதே ஏற்பாடு. இதுக்கு செலவு பண்ண யோசிச்சீங்கன்னா அந்த காசை கம்ப்ரஸர்ல ரெண்டு மடங்கா கொடுப்பீங்க. கூலிங் காயிலும் ஒண்ணுக்கு ரெண்டா வைங்க, ஒண்ணு டீஃப்ராஸ்ட்ல, அதாவது மேல படிஞ்ச பனிய உருக்கிக்கிட்டு, இருக்கறப்ப இன்னொண்ணு ஓடணும்.

நான் பாத்த ஒரு கூடத்துல ராத்திரி போட்டோ எடுக்க வந்தவரு லைட் ஸ்டாண்டு உள்ள வெளிய கொண்டு போக வசதின்னு ரெண்டு கதவுக்கும் நாற்காலி முட்டு கொடுத்துட்டு போயிட்டாரு, காலைல போய் பாத்தா கண்ணாடி மாதிரி இருந்த அன்னம், மயில், குதிரை எல்லாம் கோதுமை மாவுல பொரட்டி எடுத்த மாதிரி நிக்குது, தரை வழுக்கு மரம் மாதிரி ஆயிடுச்சு. நாலு பேரு பிளோ டார்ச்ச தூரமா புடிச்சு மேலோட்டமா ஓட்டி ஓட்டி பளபளப்ப மீட்டோம், அன்னிக்கு மதியம் வரைக்கும் டிக்கெட் கொடுக்கல. அந்த நாற்காலிய இப்ப நினைச்சாலும் எனக்கு பத்திக்கிட்டு வரும்.

கே: எங்க வீட்டு ஃபிரிட்ஜ்ல ஐஸ் நடுவுல வெள்ளையா இருக்கு. சிற்பத்து ஐஸ் மட்டும் கண்ணாடி மாதிரி எப்படி? மினரல் வாட்டரா? (பத்தாவது படிக்கிற வாசகி)

ப: நல்ல கேள்வி பாப்பா. தண்ணி சுத்தமா இருந்தா நல்லது தான், ஆனா விஷயம் அதுல இல்ல, எந்தப் பக்கத்துல இருந்து உறையுதுங்கறதுல தான். ஃபிரிட்ஜ் டிரேல நாலா பக்கமும் ஒரே நேரத்துல உறையும். ஐஸ் கட்டுறப்ப தண்ணிக்குள்ள கரைஞ்சிருக்கற காத்தையும் உப்பையும் வெளிய தள்ளிக்கிட்டே வரும், கடைசில அதெல்லாம் தப்பிக்க வழி இல்லாம நடுவுல மாட்டிக்கும், அந்த குட்டி குட்டி குமிழி தான் வெள்ளை.

சிற்பத்துக்குன்னு ஐஸ் பார் செய்யற மிஷின்ல அடியில இருந்து மட்டும் குளிர் கொடுப்பாங்க, மேல தண்ணியில ஒரு சின்ன பம்ப் சுத்திக்கிட்டே இருக்கும், குமிழி ஒட்டவே விடாது. கீழ இருந்து மேல மெதுவா ஏறும், ஒரு பார் ஆக மூணு நாள் கூட ஆகும். கடைசியா மேல மிஞ்சற அழுக்கு தண்ணிய உறிஞ்சி எடுத்துடுவாங்க. பரவலா இருக்கற அளவு 40 இஞ்ச் நீளம், 20 இஞ்ச் அகலம், 10 இஞ்ச் கனம், எடை 120 கிலோவுக்கு மேல.

வீட்டுல பண்ணி பாக்கணும்னா, ஒரு சின்ன ஃபோம் டப்பாவுல தண்ணி ஊத்தி மூடி இல்லாம ஃப்ரீஸர்ல வை. சுத்தி ஃபோம் இருக்கறதால மேல இருந்து மட்டும் உறையும், முழுசா உறையறதுக்கு முன்னாடி எடுத்து அடியில இருக்கற தண்ணிய கொட்டிடு, மேல் பாகம் கண்ணாடி தான். அம்மா கிட்ட சொல்லிட்டு பண்ணு, ஃப்ரீஸர்ல இடம் அடைச்சா திட்டு உனக்கு தான் விழும்.

கே: அப்ப கலர் ஐஸ் எப்படி செய்யறாங்க? நான் ஃபுட் கலர் போட்டு உறைய வச்சேன், ஓரமெல்லாம் வெளுத்து நடுவுல மட்டும் திட்டா நிக்குது.

ப: மேல பாப்பாவுக்கு சொன்ன அதே காரணம், ஐஸ் சாயத்தையும் வெளிய தள்ளும். பளிச்சுன்னு கண்ணாடியாவும் இருக்கணும், சீரா கலராவும் இருக்கணும்னா ரொம்ப கஷ்டம். அதனால தான் பெரிய கூடங்கள்ல கலர் ஐஸ் எல்லாம் பால் மாதிரி மங்கலா இருக்கும், சாயம் ஓட நேரம் கொடுக்காம சீக்கிரம் உறைய வைப்பாங்க, இல்லைன்னா ஐஸை தூளாக்கி கலர் தண்ணி கலந்து அச்சுல இறுக்குவாங்க. என்னைக் கேட்டா கண்ணாடி ஐஸ்க்கு பின்னாடி கலர் எல்இடி வைங்க, பாதி வேலை மிச்சம். பழைய குண்டு பல்பு மட்டும் வேண்டாம், அது லைட்ட விட சூட்டை தான் அதிகம் கொடுக்கும், பக்கத்துல இருக்கற ஐஸ்ல குழி விழும்.

கே: மாடியில இருக்கற ஹால் வாடகைக்கு சல்லிசா கிடைக்குது. அங்க போடலாமா?

ப: வேண்டாம். ஒரு கன மீட்டர் ஐஸ் 917 கிலோ. ரெண்டு மீட்டர் உயரத்துக்கு சுவர் எழுப்பினா அதுக்கு அடியில ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் 1.8 டன் உக்காருது. ஆளுங்க கூடுற ஹால் தரைய சதுர மீட்டருக்கு 500 கிலோ வாக்குல தாங்கற மாதிரி தான் பொதுவா கட்டுவாங்க. கட்டட இன்ஜினியர் கையெழுத்து போட்டாலும் நான் உள்ள வர மாட்டேன்.

கே: உள்ள மேகம் மாதிரி புகை வரணும், டிரை ஐஸ் போட்டா சூப்பரா இருக்கும்னு டெக்கரேஷன்காரர் சொல்றாரு. சரியா?

ப: அவரை கொஞ்சம் தள்ளி நிக்க சொல்லுங்க. டிரை ஐஸ்ங்கறது உறைஞ்ச கார்பன் டை ஆக்சைடு, மைனஸ் 78 டிகிரி, ஒரு கிலோ ஆவியானா 500 லிட்டருக்கு மேல வாயு. காத்தை விட கனமா தரையோட தங்கும், அதாவது குழந்தைங்க மூக்கு இருக்கற உயரத்துல. நாம தான் காத்து மாறக் கூடாதுன்னு கதவை இறுக்கி சாத்தி வச்சிருக்கோமே, அது எங்க போகும்? மூடின ரூம்ல இதால உயிர் போயிருக்கு. ஜெனரேட்டரையும் டீசல் ஃபோர்க்லிஃப்டையும் இதே காரணத்துக்காக உள்ள விடாதீங்க. புகை வேணும்னா முன் ரூம் கதவு கிட்ட தானா வரும் பாருங்க, வெளிக்காத்து குளிர்ல பட்டு மஞ்சு மாதிரி கிளம்பும், அதுக்கு லைட் அடிச்சு விடுங்க, ஓசி எஃபெக்ட்.

கே: கரண்ட் போச்சுன்னா மொத்தமும் தண்ணி தானா? நினைச்சாலே தூக்கம் வரல.

ப: தூங்குங்க. ஐஸ் அவ்ளோ சீக்கிரம் கரையற சாமான் இல்ல. ஒரு டன் ஐஸை மைனஸ் 10ல இருந்து பூஜ்யத்துக்கு ஏத்த 21 மெகாஜூல் போதும், ஆனா பூஜ்யத்துலயே வச்சு அதை தண்ணியா மாத்த 334 மெகாஜூல் வேணும், பதினாறு மடங்கு. ஆளுங்களை வெளிய அனுப்பிட்டு கதவை சாத்திட்டா சில மணி நேரம் பெருசா ஒண்ணும் ஆகாது, அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை எவ்ளோ கரைஞ்சிருக்குன்னு கதவ திறந்து எட்டிப் பாக்கற முதலாளி தான் ஆபத்து. ஜெனரேட்டர் கண்டிப்பா வேணும், பதறத் தான் வேண்டாம். பெரிய வளைவு, நீட்டிக்கிட்டு நிக்கற கை, இதுக்கு அடியில மட்டும் யாரும் நிக்காம பாத்துக்கங்க, ஐஸ் சூடேற ஏற தன் எடைக்கே மெதுவா தொய்யும், தொய்ஞ்சது ஒரு கட்டத்துல படக்குன்னு விழும்.

கே: நான் மரச் சிற்பி, இருபது வருஷ அனுபவம். ஐஸ்ல இறங்கினா ஈஸியா வருமா அண்ணே?

ப: கை ஓடும், பொறுமை தான் வேற மாதிரி வேணும். ஃப்ரீஸர்ல இருந்து எடுத்த பாரை உடனே தொடாதீங்க, மேல வெள்ளையா பனி பூத்து உள்ள ரொம்ப விறைப்பா இருக்கும், உளி வச்சா சில்லு சில்லா தெறிக்கும், அது மேல வெதுவெதுன்னு தண்ணி ஊத்தினா பட்டுன்னு சத்தம் போட்டு உள்ளுக்குள்ள கீறல் ஓடும், அன்னியோட அந்த பார் காலி. மேல லேசா வேர்த்து, பனி போய், உள்ள பாத்தா அடுத்த பக்கம் தெரியுதா, அப்ப ஆரம்பிங்க. பெரிய கழிவை செயின்சாவுல எடுப்பாங்க, கரண்ட்ல ஓடுறது தான், செயினுக்கு சமையல் எண்ணெய், வேற ஆயில் போட்டா ஐஸ்ல கருப்பு கோடு விழும். தண்ணிக்கு நடுவுல கரண்ட்டுங்கறதால ஷாக் அடிச்சா தானா ஆஃப் ஆகற பிரேக்கர் இல்லாம மிஷினை தொடாதீங்க.

உங்களுக்கு புடிக்கப் போற விஷயம் ஒட்டு. மரத்துல ஒரு துண்டு போச்சுன்னா போச்சு, ஐஸ்ல அப்படி இல்ல, வெதுவெதுப்பான அலுமினியத் தகட்டை ரெண்டு முகத்துலயும் தேச்சு மட்டமாக்கி, ஒண்ணோட ஒண்ணு வச்சு அமுக்கிட்டு மூச்சை இழுத்து விடறதுக்குள்ள புடிச்சுக்கும், ரூம் பூஜ்யத்துக்கு கீழ இருந்தா. ஃபெவிகாலும் வேணாம் ஆணியும் வேணாம். எங்க கூடத்துல ஒரு மயிலோட கழுத்து மூணு தடவை உடைஞ்சு மூணு தடவையும் ஒட்டுச்சு, கடைசி வரைக்கும் யாருக்கும் தெரியல.

கே: நாங்க போன சீசன் கூடம் போட்டோம். மைனஸ் 10 டிகிரி கரெக்டா இருந்துச்சு, ஒரு சொட்டு தண்ணி இல்ல, ஆனா மூணாவது வாரம் சிற்பத்துக்கெல்லாம் மூக்கு மழுங்கிடுச்சு. யாராவது நக்கினாங்களா?

ப: படிச்சுட்டு சத்தமா சிரிச்சுட்டேன். நக்கினது உங்க ஃபேன். ஐஸ் தண்ணியாகாமலே நேரா ஆவியாகும், பதங்கமாதல்னு பள்ளிக்கூடத்துல கற்பூரத்த வச்சு சொல்லிக் கொடுத்தாங்களே, அதே தான். ரூம்லயே ரொம்ப சில்லுனு இருக்கற பொருள் கூலிங் காயில், ரூம் மைனஸ் 10ல இருந்தா அது மைனஸ் 18ல கூட இருக்கும், அதனால ஈரம் சிற்பத்துல இருந்து கிளம்பி காயில்ல போய் ஒட்டும். காத்து நேரா படற இடம், மெல்லிசான இடம், முதல்ல போகும், மூக்கு, காது, இறகு நுனி. ஃபேன் காத்தை சிற்பத்து மேல படாம கூரை பக்கமா திருப்புங்க, காயில் பெருசா போட்டா அதை அவ்ளோ சில்லுனு வைக்க வேண்டியிருக்காது, ராத்திரி மெல்லிசு பிளாஸ்டிக் ஷீட் போர்த்துங்க. வாரம் ஒரு தடவை ஸ்ப்ரேயர்ல மெல்லிய சாரலா தண்ணி அடிச்சா மேல ஒரு புது தோல் வரும். மூக்கு முழுசா போயிருந்தா புதுசா ஒட்டிக்கலாம், மேல மரச் சிற்பிக்கு சொன்னேனே.

கே: அவ்ளோ பெரிய பட்ஜெட் எல்லாம் இல்லைங்க. குளிர் ரூமே இல்லாம லீவு நாள்ல ஜனங்களை இழுக்கற மாதிரி ஏதாவது?

ப: இருக்கு, என் மனசுக்கு புடிச்சதும் இது தான். கரையட்டும்னு விட்டுடுங்க. நிழல்ல, காத்து அடிக்காத இடத்துல, ஒரு சிற்பி ஒரு பாரை எல்லார் கண்ணு முன்னாடியும் செதுக்கட்டும். ரூம் சூட்டுல ஐஸ் மணிக்கு கால் இஞ்ச்ல இருந்து அரை இஞ்ச் வரைக்கும் தேயும், அதனால கழுத்து, கால் மாதிரி இடத்தை வழக்கத்தை விட தடியா விடணும், நாலஞ்சு மணி நேரம் ஜோரா நிக்கும். அடியில வடிகால் வச்ச டிரே, டியூப் போட்டு தண்ணி ஒரு டிரம்முக்கு போகட்டும், தரையில விட்டீங்கன்னா யாராவது வழுக்கி விழுவாங்க. டிரேக்கு அடியில வெள்ளை எல்இடி ஒண்ணு. செதுக்கறப்ப பறக்கற ஐஸ் தூளை ஒரு தொட்டில சேத்து வச்சு குழந்தைங்க கிட்ட விட்டுடுங்க, சிற்பத்தை ரெண்டு நிமிஷம் பாத்துட்டு அந்த தொட்டி கிட்ட அரை மணி நேரம் நிக்கும்ங்க.

கே: ரெண்டு பசங்களோட முதல் தடவை ஐஸ் கூடத்துக்கு போறோம். கோட்டு அவங்களே தருவாங்களாம். வேற என்ன?

ப: செருப்பு போடாதீங்க, ஷூவும் சாக்ஸும். கோட்டு உடம்பை பாத்துக்கும், விரலும் காதும் தான் முதல்ல வலிக்கும், கையுறை, குல்லா நீங்களே எடுத்துட்டு போங்க. வேர்வையோட உள்ள நுழையாதீங்க, முன் ரூம்ல அஞ்சு நிமிஷம் நின்னு ஆறிட்டு போங்க. ஆஸ்துமா, இதய நோய் இருக்கறவங்க டாக்டர் கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு போங்க. போன் பேட்டரி குளிர்ல மளமளன்னு இறங்கும், உள்பாக்கெட்ல வைங்க. வெளிய வந்ததும் கேமராவ உடனே எடுக்காதீங்க, குளிர்ந்த லென்ஸ் மேல ஈரம் படியும், உள்ள இருக்கறப்பவே ஒரு ஜிப் கவர்ல போட்டு மூடிட்டு வெளிய வந்து அரை மணி கழிச்சு திறங்க. இருபது நிமிஷம் போதும், சின்னவன் உதடு நீலமாகறதுக்குள்ள கிளம்பிடுங்க. அப்புறம், உள்ள போறப்ப உங்க பின்னாடி கதவு சாத்துச்சான்னு ஒரு தடவை திரும்பி பாருங்க ப்ளீஸ்.

கே: சீசன் முடிஞ்சதும் அத்தனை ஐஸையும் என்ன பண்ணுவாங்க?

ப: மிஷினை நிறுத்திட்டு கதவைத் திறந்து வச்சுடுவோம், சீசன் முழுக்க திட்டித் திட்டி மூடின அதே கதவு. பெருசா நிக்கறதை முதல்ல உடைச்சு கீழ படுக்க வச்சுடணும், தானா கரைஞ்சு சாயட்டும்னு விடக் கூடாது. அப்புறமும் நாள் கணக்குல கரையும். 900 டன்னுன்னா 9 லட்சம் லிட்டர் தண்ணி, ஒரே நாள்ல ஒரு குழாய்ல போகாது, கூடம் போடறதுக்கு முன்னாடியே வடிகால் பாத்திருக்கணும். கலர் ஐஸை தனியா ஒதுக்கிடுங்க, ஒரு தடவை நாங்க மறந்துட்டு மொத்தமா விட்டோம், பின்பக்க கால்வாய் ஒரு நாள் பூரா ரோஸ் கலர்ல ஓடுச்சு, என்னமோ ஏதோன்னு பக்கத்து தெருக்காரங்க எல்லாம் வந்துட்டாங்க.